பட்டியலில் இல்லாத மலர்

சந்தேகம் என்கூடவே பிறந்தது. பாசாரில் மீன்காரர் இன்று வந்த மீன் என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். பினாங்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அந்தப் புத்தியைத்தான் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறேன். ஏஐயிடம் கேட்டால் இல்லாத புத்தகத்தைக்கூடப் பக்க எண்ணோடு தருகிற காலம் இது. தேடிக் கிடைக்காத நூலை நம்பாதீர்கள் என்பேன்.

சென்ற பருவத்தில் ஓர் இறுதியாண்டு மாணவியின் கட்டுரையில் மேற்கோள் நூல்களைச் சரிபார்த்தபோது எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பைராம் எஸ்டேட்டில் வளர்ந்த தோட்டத்துப் பெண். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எழுதியிருந்தாள். பாதிக் கட்டுரை ஒரு பள்ளியின் ஆண்டு விழா மலரை நம்பி நின்றது. எங்கள் கணினிப் பட்டியலில் அந்த மலர் இல்லை, வேறு எங்கும் இல்லை. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மலர் பொய்யென்றால் கட்டுரை தேறாது, இந்த ஆண்டு பட்டமும் கிடையாது என்று அவர் அவளிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு என் மேசைக்கு வந்து நின்றாள். அழவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

"இங்கதான் அக்கா இருக்கு. இந்த லைப்ரரியிலதான் படிச்சேன்லா."

காட்டு பார்ப்போம் என்றேன். கீழ்த்தளத்து ஸ்டோர் அறைக்குக் கூட்டிப் போனாள். முகப்பில் இருந்த ஊழியர் அங்கே உட்கார்ந்து படிக்க விட்டாராம். ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து மலரை எடுத்து நீட்டினாள். உள்ளட்டையில் ஒரு சீட்டு: 'நன்கொடை. பட்டியலில் சேர்க்க வேண்டும்.' கீழே தேதி, கையெழுத்து. இரண்டும் என்னுடையவை. தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தமிழ்ப் பெட்டிகள் எல்லாம் என்னிடம் வரும். பிறகு பார்க்கலாம் என்றே ஆறு வருடம் ஓட்டியிருந்தேன். வெட்கமாக இருந்தது. மேலதிகாரி கண்ணில் படக்கூடாதென்று சீட்டை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மலரை அப்போதே பட்டியலில் ஏற்றி, விரிவுரையாளரை மறுபடி தேடச் சொன்னேன்.

அவர் நேரிலேயே வந்துவிட்டார். என் வகுப்பில் உட்கார்ந்தவர்தான். ஒரு பதிவு எப்போது உருவானது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். இது இன்று காலை ஏற்றியதாயிற்றே என்றார். பிறகு, இந்தப் பெண் உங்கள் சொந்தமா என்று மரியாதையாகக் கேட்டார்.

மேசையருகே இன்னும் நின்றிருந்த அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. பையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தேதியைப் படிக்கத் தமிழ் வேண்டாம். புகாரை விட்டுவிடுவதாகச் சொல்லிப் போனார்.

நான் சீட்டை எடுக்கக் கை நீட்டினேன். அவள் அதற்குள் கைப்பேசியில் அதைப் படம் பிடித்துவிட்டாள்.

"ஆதாரம் இருக்கட்டும் அக்கா," என்றாள்.