இரண்டாவது பியூஸ்

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம், மின்வேலை விதிகளின் புதிய பதிப்பு தபாலில் கொடைக்கானலுக்கு வந்தது. வரவழைத்தவர் கடைவீதியில் மின்சாமான் கடை வைத்திருந்தவர். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு மலைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் அக்காவின் கணவர் அந்தக் கடையின் மூத்த வயர்மேன்; நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

நான்கு வயர்மேன்கள் மரப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து கேட்டார்கள். பிளக்குக்கு மூன்றாவது கம்பி வேண்டும் என்றதற்கு முணுமுணுத்தார்கள். எர்த் குழியின் ஆழத்தைப் படித்ததும் ஒருவர், விதி எழுதினவரே கடப்பாரையோடு வந்து இந்த ஊர்ப் பாறையை நோண்டட்டும் என்றார். அடுத்தது நியூட்ரல் கம்பியைப் பற்றியது. வீட்டுக்குள் கரண்டு கொண்டுவரும் கம்பியில் மட்டுமே பியூஸ் இருக்கலாம். அது திரும்பிப் போகிற நியூட்ரலில் பியூஸ் கூடாது.

மச்சான் அதை மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

இரண்டு கம்பிக்கும் பியூஸ் போடுவதுதான் அதுவரை அவர்கள் வழக்கம். மச்சானுக்கு அதில் பெருமையும் உண்டு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரரை மெயின் போர்டுக்கு முன்னால் நிறுத்தி, வாசலில் ஒரு காவல்காரன், கொல்லையில் ஒரு காவல்காரன் என்று இரண்டு பீங்கான் கட்டைகளையும் தட்டிக் காட்டுவார்.

"கொல்லைக் காவக்காரன வேலைய விட்டுத் தூக்கிட்டாய்ங்கண்ணே," என்றார் நால்வரில் இளையவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மச்சான் சிரிக்கவில்லை. விதிக்குக் காரணம் என்ன போட்டிருக்கிறது என்று என்னைக் கேட்டார். புத்தகத்தில் காரணம் இல்லை. கொஞ்ச நேரம் கையில் ஒரு பியூஸ் கட்டையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, காரணத்தை அவரே சொன்னார். நியூட்ரல் பியூஸ் மட்டும் உருகினால் விளக்கு அணையும். வீட்டிலிருப்பவர் கரண்டு போய்விட்டது என்று நம்பி பல்பைக் கழற்றுவார். ஆனால் வருகிற கம்பியில் கரண்டு ஹோல்டர்வரை வந்து நின்றுகொண்டிருக்கும்.

கடைக்காரர் புத்தகத்தை மூடினார். புது வீட்டுக்குப் புது விதி, பழைய வீடுகளைக் கிளற வேண்டாம் என்றார். "நம்ம வாயாலயே தப்புன்னு சொன்னா, நாளைக்கி எவன் கூப்புடுவான்?"

மறுநாளிலிருந்து மச்சானால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வெள்ளனே கிளம்பி, கடை திறப்பதற்குள் இரண்டு வீடு, மூன்று வீடு போய்வந்தார். போர்டைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உள்ளே நுழைந்து, நியூட்ரல் பியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிவிட்டு வந்துவிடுவார். யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. சாப்பிடும்போதே எழுந்துபோய் எங்கள் வீட்டு போர்டைத் திறந்து பார்ப்பார். அதை அவர் முதல் நாளே மாற்றியிருந்தார்.

ஒரு வீடு மட்டும் திறக்கவில்லை. அட்டுவம்பட்டியில் தனியாக இருந்த, மிஷன் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சரின் வீடு. எல்லாம் நன்றாக எரிகிறது, நன்றாக இருப்பதைத் தொடாதீர்கள் என்று இரண்டு முறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். மச்சானை அரித்தது அந்த வீடுதான். மற்ற வீடுகளில் விளக்கு அணைந்தால் ஆள் அனுப்புவார்கள். டீச்சர் நாற்காலி போட்டு ஏறி, தானே பல்பைக் கழற்றிப் பார்ப்பவர். அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே மச்சான்.

மூன்றாவது முறை என்னையும் கூட்டிப் போனார். இந்தத் தடவை சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லவில்லை.

"டீச்சரம்மா, நான் போட்டதுல ஒரு ஆபத்து கெடக்கு. காட்டிட்டுப் போறேன்."

டீச்சர் வழிவிட்டார். மச்சான் நியூட்ரல் பியூஸை உருவினார். கூடத்து விளக்கு அணைந்தது. சுவிட்சைத் தொடாமல், நாற்காலியில் ஏறி பல்பைக் கழற்றினார். பையிலிருந்த சோதனை பல்பின் ஒரு கம்பியை ஹோல்டருக்குள் வைத்து, மறு கம்பியைச் சுவரோரத் தண்ணீர்க் குழாயின் இரும்பில் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். ரப்பர் உறையைப் பிடித்து வைத்தேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிறிஸ்மசுக்கு மொத வாரம் இதே பல்ப நான் மாத்துனேன் தம்பி," என்றார்.

மச்சான் போர்டில் செம்புக் கம்பியை முறுக்கி வேலையை முடித்தார். டீச்சர் கோபப்படவில்லை. நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதுகிறவன் நான் என்பதால் காகிதம் என்னிடம் வந்தது. 'புதிய விதிகளின்படி இணைப்பு மாற்றியமைக்கப்பட்டது' என்று எழுதினேன். கீழே மச்சான் போட வேண்டிய கையெழுத்தும், அதற்கடியில் வரும் லைசென்ஸ் எண்ணும் என் மனதில் இருந்தன; தப்பு என்று எழுதினால் லைசென்சே போகலாம்.

டீச்சர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "யாரு மாத்துனா, ஏன் மாத்துனாங்கன்னு இதுல இல்லையே. நீங்க பேப்பர்ல எழுதுறவருதானே?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"நான் போட்டது தப்புன்னு எழுதுங்க மாப்ள," என்றார்.

அப்படியே எழுதினேன். இந்த இடத்தில் மறுபடி பியூஸ் போடக் கூடாது என்று ஒரு வரி டீச்சர் சேர்க்கச் சொன்னார். மச்சான் கையெழுத்துப் போட்டார். டீச்சர் அதை மெயின் போர்டுக் கதவின் உட்புறம் நான்கு முனையிலும் ஆணியடித்து வைத்தார். மீட்டர் பார்க்க வருகிறவன் கண்ணில் முதலில் படும் இடம் அது.

திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. மச்சானின் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமே என்றேன். தெரியட்டும் என்றார். வளைவில் சட்டென்று நின்றார்.

"சும்மா பாத்துட்டுப் போறேன்னு கழட்டுன வீடெல்லாம் இருக்குல்ல. நாளைக்கி வேற எவனாச்சும் வருவான். ஒரு பியூசக் காணோமேன்னு திரும்பப் போட்டுட்டுப் போயிருவான்."

அதை நான் யோசிக்கவில்லை. செய்திக்கு நான் வைத்து எழுதும் கார்பன் தாள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அவர் மாற்றிய வீடுகளுக்கெல்லாம் அதே சீட்டை மூன்று மூன்றாக எழுத உட்கார்ந்தேன். அக்கா வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மச்சான் உட்காரவில்லை. முதல் மூன்றை எழுதி முடித்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெரசா எழுதி வைக்கச் சொல்லிவிட்டு, வில்பட்டிப் பக்கம் இறங்கிப் போனார்.

அந்தக் கோடை சீசன் முழுக்கக் கடைக்காரர் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.