சூசை வீடியோஸ் செய்திகள், வாசிப்பது பெருமாயி

கொடைக்கானல் படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கும் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மைக்கைப் பிடிக்க மட்டும் பெருமாயிதான் வர வேண்டும். "பதினொண்ணாம் நம்பர் படகு, உங்க நேரம் முடிஞ்சிருச்சுங்க, வெரசா கரைக்கு வாங்க" என்று அவள் கூப்பிட்டால், பனிக்குள் எங்கோ மறைந்து கிடக்கும் படகுகூட மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிடும். புதுசாகக் கல்யாணமாகி வந்த ஜோடிகளும் முனகாமல் துடுப்பைப் போடுவார்கள். அந்தக் குரலில் அதட்டலும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. கேட்கிறவரிடம் மட்டும் தனியாகச் சொல்வது போல இருக்கும்.

பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். எழுபத்து நாலில், அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, குடும்பத்தோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா இருளப்பன் காட்டில் மரக்கன்று நடும் கூலி வேலைக்குப் போனார். தோட்டத்து லய வீட்டில் அவர் உயிராக வைத்திருந்த ரேடியோ கப்பலில் உப்புத் தண்ணீர் பட்டுச் செத்துப்போனது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததைப் பெருமாயியால் பார்க்க முடியவில்லை. பருப்பு மடித்து வந்த பேப்பரைப் பிரித்து, நீவி, தொண்டையைச் செருமிக்கொண்டு, இலங்கை வானொலியில் கேட்ட அதே தோரணையில் வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஏய், இது போன வருசத்துச் செய்தியால்ல இருக்கு!"

"செய்தி பழசா இருந்தா என்னப்பா? வாசிக்கிறது இண்டைக்குத்தானே!"

இருளப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து சாயந்தரமானால் அவருக்குச் செய்தி வேண்டும். வெங்காயம் மடித்த பேப்பராக இருந்தாலும் சரி.

எண்பதுகளின் நடுவில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் சூசைமுத்து என்பவர் வீடியோ கடை போட்டார். கடை உச்சியில் ஓர் ஆண்டெனாவை ஆளுயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டித் தெற்கே திருப்பி வைத்தார். வானம் தெளிவாக இருந்தால் இலங்கை டிவி தெரியும். வேலை முடிந்து திரும்பும் வழியில் பெருமாயி அந்தக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிடுவாள். தமிழ்ச் செய்தி வாசிக்கிற அம்மா பேப்பரைப் பார்க்கிறாள், நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறாள், மறுபடி பேப்பரைப் பார்க்கிறாள். எந்த இடத்தில் நிமிர்கிறாள்? ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும்போது முகத்தை எப்படி மாற்றுகிறாள்? சத்தமே வெளியில் கேட்காது. அவளுக்கு அது தேவையும் இல்லை.

எண்பத்தெட்டில் சூசைமுத்து கேபிள் இழுத்தார். கடையில் ஒரு கேசட்டைப் போட்டால் வயர் வழியாக மூஞ்சிக்கல், நாயுடுபுரம், பக்கத்து ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் படம் ஓடும். வயரைத் தைல மரங்களில் கட்டியிருந்தார். காட்டெருமை கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போன நாட்களில் ஊரே கடைக்கு முன்னால் நின்று சண்டை போடும். அதே வருசம் கல்யாணம் எடுக்கப் பெரிய வீடியோ கேமரா ஒன்றும் வாங்கினார். அது வந்த மறுநாளே பெருமாயி கடைக்குள் ஏறிவிட்டாள்.

"அண்ணே, அந்தக் கேமராவுல இருந்து நேரா உங்க கேபிள்ல விட முடியுமா?"

"முடியாம என்ன? ஒரு வயரைச் சொருகுனா சோலி முடிஞ்சுது. எதுக்குத் தாயி?"

"நம்ம ஊருச் செய்தி வாசிக்கலாம்ணே. நான் வாசிக்கிறேன்."

சூசைமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம ஊருல என்ன செய்தி கெடக்கு?"

பெருமாயி மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். வில்பட்டியில் முட்டைக்கோஸ் லோடு கவிழ்ந்தது, மலர்க் கண்காட்சிக்குப் பந்தல் போடுவது, ஏரிக்கரையில் குதிரை ஒன்று டூரிஸ்ட் தொப்பியைத் தின்றது, அப்சர்வேட்டரி பக்கம் தண்ணீர் வராதது. வணக்கம் சொன்னாள், செய்தி சொன்னாள், மறுபடி வணக்கம் சொன்னாள். கேசட் வாடகைக்கு எடுக்க வந்தவர்கள் கேசட்டை மறந்து நின்றார்கள். அவள் முடித்ததும் சூசைமுத்து கேட்ட முதல் கேள்வி, "பின்னால என்னத்தம்மா தொங்க விடுறது?"

அப்படித்தான் அந்த ஸ்டுடியோ பிறந்தது. கடையின் பின்னறையில் இருந்த பழைய கேசட் பெட்டிகளை ஒதுக்கினார்கள். ஒரு ஹோட்டலில் கழித்துப்போட்ட நீலக் கம்பளியைச் சுவரில் ஆணியடித்தார்கள். பள்ளிக்கூட மேஜை ஒன்று வந்தது. அதன் ஆடுகிற கால் தெரியாமல் முன்னால் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தினார்கள். போர்டு எழுதும் மாடசாமி அதில் ஏரியும் மலையும் வரைந்து, 'சூசை வீடியோஸ் செய்திகள்' என்று சிவப்பில் எழுதினார். கல்யாணத்துக்குப் பிடிக்கும் லைட் இரண்டை இரண்டு பக்கமும் வைத்தார்கள். சூசைமுத்துவின் மனைவி சவேரியம்மாள் தன் பவுடர் டப்பாவையும் கண்ணாடியையும் கொண்டுவந்து, "முகம் எண்ணெய் வழிஞ்சா மினுங்கும் தாயி, ஒத்திக்கோ" என்று அவளே பூசியும் விட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பெருமாயி தன்னிடமிருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நீலச் சேலை. "நேயர்களுக்கு வணக்கம்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், முன்கடையிலிருந்த மாடசாமி தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். டிவியில் கம்பளியும் சேலையும் ஒன்றாகக் கலந்துபோய், ஒரு தலையும் இரண்டு கையும் மட்டும் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தன. அவள் வாசிப்பை நிறுத்தவில்லை. மேஜை மேல் கிடந்த மஞ்சள் பூத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குதிரை தொப்பி தின்ற செய்திக்குப் போனாள். நாயுடுபுரத்தில் ஒரு வீட்டில் சின்னப் பிள்ளைகள் பயந்து அழுததாகப் பிறகு சொன்னார்கள். பெரியவர்கள் அடுத்த வாரம் எப்போது என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் பனி வந்தது. யாரோ கதவைத் திறந்து வைத்துவிட, வெண்புகை மெதுவாக உள்ளே நுழைந்து மேஜையைத் தாண்டிப் பெருமாயி முகத்தை மூடியது. ஊரில் பாதிப் பேர் டிவியின் தலையில் குத்தினார்கள். "டிவியைத் தட்டாதீங்க, இது நம்ம ஊருப் பனிதாங்க" என்று புகைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. மறுநாள் மார்க்கெட்டில் அதுதான் பேச்சு.

இப்படி மழைக்காலம் வரைக்கும் ஓடியது. இன்றைக்கு என்பதை இலங்கைப் பேச்சில் 'இண்டைக்கு' என்று அவள் வாய் தவறிச் சொல்வதைச் சிலர் கேலி செய்தார்கள். அவள் திருத்தப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் அந்த ஒரு சொல்லுக்காகவே ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தார்கள்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்று. வெள்ளனே பிடித்த மழை மத்தியானத்துக்குப் பிறகும் விடவில்லை. வத்தலக்குண்டு ரோட்டில் மண் சரிந்து டெலிபோனும் அறுந்துபோனது. என்ன புண்ணியமோ, கரண்டு மட்டும் போகவில்லை. சாயந்தரம் வர வேண்டிய பஸ் வரவில்லை. மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் ஒரு விசேஷத்துக்குப் போன மூஞ்சிக்கல்காரர்கள் பலர் அதில்தான் திரும்ப வேண்டும். சவேரியம்மாளும் அவர்களில் ஒருத்தி.

சூசைமுத்து கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டார். "நேரமாச்சு, ஆரம்பி" என்றார்.

பெருமாயி மழைச் செய்தியைப் பாதி வாசித்திருப்பாள். ஒருவன் நனைந்தபடி ஓடி வந்து சூசைமுத்துவின் காதில் எதையோ சொன்னான். அவர் முகம் வெளுத்தது. ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் மாடசாமியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். மாடசாமி ஒரு காலண்டர் தாளின் முதுகில் பெரிதாக எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். 'பஸ் பள்ளத்தில் விழுந்துவிட்டது.'

பெருமாயி வாய் திறந்தால் போதும், அத்தனை வீட்டுக்குள்ளும் அந்தச் சொல் இறங்கிவிடும். அவள் தாளைப் பார்த்தாள். சூசைமுத்துவைப் பார்த்தாள். அவர் "வாசி" என்று உதட்டை மட்டும் அசைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவள் கேமராவைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"வத்தலக்குண்டுல இருந்து வர்ற பஸ் இன்னும் வரலைங்க. எங்க நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியலை. யாராரோ என்னென்னமோ சொல்றாங்க. கண்ணால பாத்த ஒருத்தர் சொல்ற வரைக்கும் நான் அதை வாசிக்க மாட்டேன். ரோட்டுப் பக்கம் போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா, மூஞ்சிக்கல் சூசை வீடியோ கடைக்கு வெரசா வாங்க. வர்ற வரைக்கும் நான் இஞ்சதான் இருப்பேன்."

அதற்கு மேல் வாசிக்கத் தாளில் ஒன்றுமில்லை. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. எந்தெந்தத் தெருவில் மரம் விழுந்திருக்கிறது, எந்த ஹோட்டலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இடம் இருக்கிறது, எந்தச் சர்ச்சில் கஞ்சி காய்ச்சுகிறார்கள் என்று வந்தவர்கள் சொல்லச் சொல்ல, அதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னறை வாசலில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். லைட் சூட்டில் பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது.

வெளியே ஒரு லாரி ஹாரன் அலறியது. கூட்டம் "ஏலே வழி விடு, வழி விடு" என்று பிளந்தது. தலை முதல் கால் வரை சேறாக உள்ளே வந்தவர் காய்கறி லாரி ஓட்டும் பொன்னுவேல்.

"வர்ற வழியில ஹோட்டல் டிவியில பாத்தேன் தாயி. நான் அங்கிட்டிருந்துதான் வர்றேன். பஸ்ஸு விழுகலை! சரிவுக்கு அந்தப் பக்கம் கல்லுமாரி நிக்குது. சனங்க இறங்கி மண்ணைத் தாண்டி நடந்து வந்தாங்க. அம்புட்டுப் பேரையும் கோஸ் மூட்டை மேல ஏத்திக் கூட்டியாந்துட்டேன்!"

"எங்கண்ணே அவங்க?"

"வாசல்ல நிக்காங்க!"

பெருமாயி நாற்காலியை விட்டு எழுந்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் மறக்கவே இல்லை. "நேயர்களே, பஸ்ஸு பத்திரம். ஆளுங்க வந்துட்டாங்க. யாரும் வாசலுக்கு ஓடாதீங்க, டிவியைப் பாருங்க. ஒவ்வொருத்தரா இப்ப உங்க முன்னால வருவாங்க" என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கம் கையை நீட்டினாள். "வாங்க, வந்து இந்த மேஜைக்குப் பின்னால நின்னு உங்க பேரைச் சொல்லுங்க."

வந்தார்கள். குப்பம்மாள் வந்து பேர் சொல்ல மறந்து கேமராவைக் கும்பிட்டாள். ஞானவேல் வாத்தியார் செருப்பில்லாமல் வந்து, "நாயுடுபுரம், நல்லா இருக்கேன், வெந்நி போட்டு வைக்கச் சொல்லுங்க" என்றார். ஒரு கைப்பிள்ளைக்காரி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். கூட்டம் நெரித்ததில் கம்பளி ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்தது. மாடசாமி வரைந்த மலைப் பலகை சாய்ந்து, பின்னால் மேஜையின் ஆடுகிற கால் பளிச்சென்று தெரிந்தது. யாருக்கு அதெல்லாம்? ஒவ்வொரு பேருக்கும் மழையைத் தாண்டி ஏதாவது ஒரு வீட்டிலிருந்து கூச்சல் கேட்டது.

கடைசியில் வந்தவள் சவேரியம்மாள். முந்தானையைப் பிழிந்துகொண்டே மேஜைக்குப் பின்னால் போய் நின்று, கேமராவைத் தோளில் வைத்திருந்த புருசனைப் பார்த்தாள்.

"பேரைச் சொல்லுங்கக்கா" என்றாள் பெருமாயி.

"அவருக்குத் தெரியும்" என்றாள் சவேரியம்மாள்.

அந்த நிமிடம் கொடைக்கானலில் இருந்த டிவிகளில் எல்லாம் படம் குலுங்கோ குலுங்கென்று குலுங்கியது. சூசைமுத்து கேமராவைக் கீழே வைக்கவுமில்லை, கண்ணைத் துடைக்கவுமில்லை. தோள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. "சூசை வீடியோஸ் செய்திகள் முடிஞ்சுதுங்க, வணக்கம்" என்று சொல்லிவிட்டு, பெருமாயியே போய் வயரைப் பிடுங்கினாள். சவேரியம்மாள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேறும் பவுடருமாக நின்று சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கேபிள் கேட்டு வராத தெரு இல்லை. வயர் ஏரியைச் சுற்றிக்கொண்டு மறுகரைக்குப் போனது. ஞாயிறு மட்டும் இருந்த செய்தி புதன்கிழமையும் வந்தது. மாடசாமி புது ஸ்டுடியோவுக்கு ஒரு சுவர் முழுக்கக் கொடைக்கானல் வரைபடம் வரைந்தார். பெருமாயி கையில் மூங்கில் குச்சியோடு எழுந்து நின்று, இங்கே மரம் விழுந்திருக்கிறது, இங்கே பஸ் நிற்கிறது என்று காட்டி வாசித்தாள். சேலை என்ன நிறம் என்று மாடசாமி முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

எண்பத்தொன்பது கோடையில் படகுத் துறை வேலையை விட்டாள். கடைசி நாள் மைக்கில் எல்லாப் படகுகளுக்கும் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேனேஜர் கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ரோட்டோரம் சூசைமுத்து ஜீப்பில் கேமராவோடு காத்திருந்தார். வில்பட்டியில் ஒரு கேரட் தோட்டத்துக்குள் காட்டெருமைக் கூட்டம் புகுந்திருக்கிறதாம்.

"ஓட்டுங்கண்ணே, போயிறப் போகுது!" என்று ஏறி உட்கார்ந்தாள் பெருமாயி.