சொந்த ஊர் சங்கரன்கோவில்

பேச்சியம்மாள் பிறந்ததும் பால்மரம் வெட்டிப் பாலெடுத்ததும் மலாய் நாட்டின் சிம்பாங் ரெங்கம் ரப்பர் தோட்டத்தில்தான். பிறப்பை யாரும் பதியவில்லை. அறுபத்தாறு வயதிலும் கையில் சிவப்பு அடையாள அட்டைதான், குடியுரிமை கிடையாது.

மூன்றாவது மனுவுக்கு நேர்காணல் வந்தது. சொந்த ஊர் எது என்று அதிகாரி மலாயில் கேட்டார். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லிப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

“சங்கரன்கோவில்.”

அது அவள் தாத்தா விட்டுவிட்டுக் கப்பலேறிய ஊர். அவள் பார்த்ததே இல்லை. அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆகஸ்டில் மனு நிராகரிக்கப்பட்டது.

“இந்த ஊருதான்னு சொல்லியிருக்கலாம்லம்மா?” என்று மகள் கஸ்தூரி கத்தினாள்.

இந்த நாட்டுச் சுதந்திர தினத்துக்காக வாசலில் கொடி கட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் திரும்பவில்லை.

“இது என் ஊருன்னு எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொல்லலயே.”