கூடாரத்துக்குக் கரண்ட் பில்

நான் வேலை பார்க்கும் கவுன்சில் அலுவலகத்தில், இல்லை என்று சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒவ்வொன்றின் கடைசியிலும் நீங்கள் எந்த இனம் என்று கேட்டு ஒரு தாள் இருக்கும். வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று கட்டங்கள். யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் அது. அந்தத் தாள்களைத் தனியே பிரித்து அலமாரியில் வைப்போம். யாரும் எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

ஹலிமா சோமாலியாவிலிருந்து வந்தவர். மூன்று பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்தார். கடந்த ஐந்து வருட முகவரிக்கு ஆதாரம் இல்லை என்று அவருடைய விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியவள் நான்தான். மூன்றாம் முறை நேரிலேயே வந்துவிட்டார். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார்: “மூணு வருஷம் அகதி முகாம்ல இருந்தேன். கூடாரத்துக்கு யாராவது கரண்ட் பில் தருவாங்களா?”

“ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க” என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அதை முன்பு எங்கே கேட்டேன் என்று நினைவு வந்தது.

எங்கள் ஊர் காவிரிக் கடைமடையில் இருக்கிறது. அப்பா விவசாயக் கூலி. எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். தாலுகா ஆபீசில், குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொண்டுவா என்றார்கள். எங்கள் தெரு முழுக்க நிலக்காரர் பெயரில் இருந்தது. பட்டாவுக்கு எங்கே போவது? எந்தச் சாதி என்று சொல்லி எங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்தார்களோ, அதை நிரூபிக்கத்தான் எங்களிடம் காகிதம் இல்லை. நாற்றுப் பறிக்கிற வேலையை விட்டுவிட்டு அப்பா மூன்று முறை போனார். ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்யா என்று எழுத்தர் ஒவ்வொரு முறையும் சொன்னாராம். கடைசியில் என் தலைமையாசிரியர் எழுதிக்கொடுத்த கடிதத்தை வைத்துத்தான் வேலை நடந்தது.

ஹலிமாவை அனுப்பிவிட்டு இருப்புக்கொள்ளாமல் அந்த அலமாரியைத் திறந்து, இனத் தாள்களை விண்ணப்ப எண்ணைக் கொண்டு திருப்பிய விண்ணப்பங்களோடு ஒத்துப்பார்த்தேன். முகவரி ஆதாரமில்லை என்று திருப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள், ஆசியர்கள். விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. திருப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் என் கையெழுத்து.

மேலதிகாரி மார்கரெட் நல்ல மனுஷி. நான் பாதி சொல்வதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அலுவலகத்தில் யார் உன்னை இழிவாகப் பேசியது என்று கேட்டார். யாரும் பேசவில்லை, நான்தான் பாரபட்சம் காட்டியிருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மனநல ஆலோசகரின் எண் எழுதிய துண்டுத்தாளைத் தந்தார். மறுநாளும் போனேன், அடுத்த வாரமும் போனேன். திருப்பிய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்டினேன். குளிர்காலம் முடிவதற்குள், முகவரிக்குப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கடிதமே போதும் என்று சுற்றறிக்கை வந்தது. ஹலிமாவின் பெயர் வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஏறியது. இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே என்றார் ஹலிமா.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனேன். அப்பா புதிதாக வாங்கிய இரண்டு மா நிலத்துக்கு அவர் பெயரில் பட்டா மாற்ற வேண்டியிருந்தது. நான் இங்கிலாந்தில் அரசாங்க வேலையில் இருப்பது தெரிந்ததும் தாலுகா ஆபீஸ் எழுத்தர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க மேடம்.”

அப்பா பத்திரத்தோடு என் பின்னால் நின்றார். எழுந்து அவரை உட்காரச் சொன்னேன். அவர் என் தோளை அழுத்தினார்.

“நீ உக்காரும்மா. நீ உக்காந்திருந்தாத்தான் வேலை நடக்கும்.”

உட்கார்ந்தேன். எழுத்தர் எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே கேட்டார். சர்வே நம்பர் என்ன, பக்கத்து வயல் யாருடையது, வாய்க்கால் எந்தப் பக்கம். எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா பின்னாலிருந்து பதில் சொன்னார். எழுத்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதை அதே தமிழில் நான் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுதிக்கொண்டார்.