தொடாமல் பார்த்த கார்

பட்டறை வட்டாரத்தில் அவருக்குச் சுரண்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வங்கிப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பழைய கார்களின் தகர உடம்பைச் சரிசெய்யும் டிங்கர் வேலை அவருடையது. பெயின்டில் மிளகளவு உப்பல் கண்ணில் பட்டால் போதும், கை சும்மா இருக்காது. கட்டைவிரல் நகத்தால் நெண்டுவார். பெயின்ட் உரியும். அதற்குக் கீழே பள்ளத்தை நிரப்பும் பட்டி. பட்டிக்குக் கீழே இன்னொரு பெயின்ட். அதற்கும் கீழே துரு, இல்லையென்றால் துருகூட மிச்சமில்லாத ஓட்டை. "சின்னப் புள்ளிதான், பார்த்துக் கொடுங்க" என்று காலையில் விட்டுப் போனவர்கள் சாயங்காலம் வந்தால் கதவில் பாதி இருக்காது.

அப்படித் திறந்த வண்டிகளுக்குள் அவர் பார்க்காதது இல்லை. ஒரு காரில் சக்கர வளைவு முழுக்கச் சிமென்ட் பூசியிருந்தது. இன்னொன்றில் ஓட்டைக்குள் பழைய பனியனைத் திணித்து, மேலே பட்டி போட்டு, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்திருந்தார்கள். பனியன் மழைத்தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சுற்றியிருந்த தகரத்தையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. துருப்பிடித்துக் கெட்ட வண்டியைவிட ரிப்பேர் செய்து கெடுத்த வண்டிதான் அதிகம் என்பது அவர் கணக்கு.

பட்டறையில் மதிப்பாக இருந்த கை, வீட்டில் தொல்லையாக இருந்தது. "சுவத்துல எங்கயாவது உப்பியிருந்தா இவர்கிட்ட காட்டிடாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க முகம் தெரியற வரைக்கும் சுரண்டுவார்" என்று அவர் மனைவி வருகிறவர்களை எச்சரிப்பாள்.

அந்தக் கை ஒரே ஒரு தடவைதான் பெரிய விபரீதத்தில் கொண்டுபோய் விட்டது. மகள் தனக்குத் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள். அச்சகத்தில் அட்டை வடிவமைக்கும் பையன். பேச்சு, நடை, சிரிப்பு எல்லாம் பளிச்சென்று இருந்தன. பளிச்சென்று இருந்ததுதான் சுரண்டிக்கு உறுத்தியது. அச்சக மேலாளரை விசாரித்தார். பையன் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரரை விசாரித்தார். அதோடு விட்டிருக்கலாம். பையனுக்கு முடிவெட்டுகிறவரிடமும் போனார். அடுத்த தடவை தலையைக் கொடுத்து உட்கார்ந்த பையனிடம், "உங்களுக்குப் பரம்பரைச் சொட்டையான்னு உங்க மாமனார் கேட்டுட்டுப் போனாருங்க" என்று அவர் கத்தரியை நிறுத்தாமல் சொல்லிவிட்டார்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. "மனுஷனையும் நகத்தால நெண்டிப் பார்ப்பீங்களாப்பா?" என்று கேட்டாள். கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு போன் என்றால் அம்மாவுக்குத்தான். வந்தாலும் பையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்து கிளம்பிவிடுவாள். பேத்தி பிறந்த பிறகும் அப்படித்தான்.

அந்த மகள் ஒருநாள் அவரையே போனில் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு பழைய காரை வாங்கியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அதிலேயே வந்து ராத்திரி தங்கி, திங்கள் விடிந்ததும் மலைமேல் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போகப்போகிறார்களாம்.

"வர்றோம். ஆனா ஒண்ணு. வண்டியைத் தொடக்கூடாது. தட்டக்கூடாது. அடியில படுத்துப் பார்க்கக்கூடாது. குறை சொன்னீங்கன்னா அந்த நிமிஷமே குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

"சரிம்மா" என்றார் சுரண்டி. தங்குகிறேன் என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

கார் அழகாகத்தான் இருந்தது. இளநீல நிறம், உருண்டை மூக்கு, இரண்டே கதவு. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சுரண்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மாப்பிள்ளை இறங்கி, கதவை முழங்காலால் லேசாக ஏந்தித் தூக்கிச் சாத்தினான். ஒரு நொடிதான். பிறகு "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று சிரித்தான்.

"நல்லா இருக்கேன் மாப்பிள்ளை" என்றார். கண் முழங்காலிலேயே நின்றது.

எல்லோரும் இறங்கி, பெட்டிகளையும் இறக்கியபின் பார்த்தால் கதவைச் சுற்றியிருந்த இடைவெளி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது. ஆனால் வண்டி வந்து நின்றபோது மேல்மூலையில் இடைவெளியே இல்லாததுபோல் தெரிந்ததே? வெயில் பட்டுக் கண் கூசியிருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொன்னதை அவரே நம்பவில்லை.

சாப்பாட்டில் மனம் ஒட்டவில்லை. பாதியில் எழுந்து கேட்டைச் சாத்தப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று மறுபடி எழுந்தார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு காக்கா காட்டப் போனார். காக்கா இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ஏங்க, செடிக்குக் காலையிலயே தண்ணி ஊத்தியாச்சு" என்றாள் மனைவி, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அவ உங்களைத்தான் பார்த்துட்டிருக்கா. வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க சொல்லவே வேணாம். மூஞ்சி சொல்லுதே."

அவருக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரு படி ஓடும். வெளியே ஒற்றைத் தகரமாகத் தெரிந்தாலும் உள்ளே அது கூடு. வண்டியின் முதுகெலும்பே அதுதான். அது உள்ளுக்குள் இற்றுப்போனால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி நடுவில் தொய்யும். காலியாக இருந்தால் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். ஆளோடு பார்த்தால் தெரிந்துவிடும். தொடவேண்டியதுகூட இல்லை.

சாயங்காலம் டீ குடித்ததும் மெதுவாக ஆரம்பித்தார். "புது வண்டியோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமே. எல்லாரும் ஏறி உக்காருங்க."

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. பின்னால் சுரண்டியின் மனைவியும் பேத்தியும், முன்னால் மகளும் ஏறினார்கள். மகள் பக்கக் கதவை அவனே முழங்காலால் ஏந்திச் சாத்திவிட்டு மறுபக்கம் ஏறிக்கொண்டான். சுரண்டி போனைத் தூக்கிப் பிடித்தார். திரையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரையைவிட்டுக் கதவைப் பார்த்தார். மேல்மூலையில் நகம் நுழைய இடமில்லை. கீழே விரலையே விடலாம்.

"எடுத்தாச்சாப்பா?"

சொன்னால் மகள் இப்போதே போய்விடுவாள். சொல்லாவிட்டால் விடிந்ததும் குழந்தையோடு இதே வண்டியில் மலை ஏறுவாள். போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"நீ இறங்கி, இந்தக் கதவை ஒரு தடவை சாத்திப் பாரும்மா" என்றார். "மத்தவங்க உள்ளேயே இருக்கட்டும்."

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நான் தொடல. நீயே பாரு. பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா நான் வாயை மூடிக்கறேன்."

கோபத்தோடு இறங்கினாள். அறைந்து சாத்தினாள். கதவு பூட்டில் இடித்துத் திரும்பி வந்தது. மறுபடி சாத்தினாள். திரும்பி வந்தது. "நீங்கள்லாம் இறங்குங்க" என்றாள். எல்லோரும் இறங்கியபின் ஒரே விரலால் தள்ளினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது.

அவள் முகம் மாறியது. பள்ளிக்கூடம் விட்டால் பட்டறையில் வந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். திரும்பத் திரும்ப எல்லோரையும் ஏற்றி இறக்கினாள். பேத்திக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. அவள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"என்னை வச்சு எடை போடறீங்களாடி?"

மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படியைப் பார்த்தாள். புதிதாகத் தார் பூசிப் பளபளவென்று இருந்தது. "ஸ்க்ரூடிரைவர் இருக்காப்பா?"

இருந்தது, சட்டைப்பையிலேயே. எடுத்துக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. கொடுத்தார். அவள் லேசாகத்தான் குத்தினாள். கைப்பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது தேயிலைத்தூள் மாதிரி துரு கொட்டியது.

"கதவு இடிக்கறது தெரியும்" என்றான் மாப்பிள்ளை, காரைப் பார்த்துக்கொண்டே. "மாமா கண்ணுல படக்கூடாதுன்னுதான் முட்டியால தூக்கிச் சாத்தினேன். பழைய வண்டின்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்னு நினைச்சேன்."

"தெரிஞ்சே குழந்தையை ஏத்திட்டு வந்தீங்களா?" மகளின் குரல் உயர்ந்தது.

"அவரை ஏம்மா திட்டறே?" சுரண்டி குறுக்கே வந்தார். "வண்டி தொய்ஞ்சுபோன பிறகு அதைத் தூக்கி நிமித்தாம, கதவை அரத்தால தேய்ச்சுப் பொருத்தியிருக்கான் எவனோ. காலியா நிக்கும்போது யாருக்கும் தெரியாது. வேலை தெரிஞ்ச திருட்டுப்பய."

"என்னைப் பத்தி விசாரிச்சப்பகூட நீங்க இவ்வளவு நல்லதா சொல்லிருக்க மாட்டீங்க மாமா" என்றான் மாப்பிள்ளை. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தரைவிரிப்பை எடுத்தார்கள். அடியில் எண்ணெய் டின்னை வெட்டி ஆணியடித்திருந்தது, எழுத்துகூட அழியவில்லை. டின்னை நெம்பினால் படிக்குள்ளே ஒரு இரும்புக் கட்டில் கால், பூவேலைக் குமிழோடு, குறுக்கே வெல்டு வைத்திருந்தது.

"நல்லாத் தூங்கிட்டிருந்த எவனோ ஒருத்தனை எழுப்பி விட்டுட்டு உருவிருக்கான்" என்றாள் மனைவி.

மகள் கேட்டாள்: "சரிபண்ண எத்தனை நாளாகும்பா?"

சுரண்டிக்கு நல்ல பதில் சொல்ல ஆசைதான். "தெரியாதும்மா. இந்தப் பக்கத்தைத் திறந்தாத்தான் அந்தப் பக்கம் என்னன்னு தெரியும். இதைவிட மோசமாவும் இருக்கலாம்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். "நாளைக்கு பஸ்ல போயிடறோம்" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோம். நாங்க வந்த பிறகு திறங்க. எனக்கும் பார்க்கணும்."

விடியற்காலையில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுச் சுரண்டி நேராகப் பட்டறைக்குப் போனார். படிகளுக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். பின்சீட்டின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். நிறுத்தி, அதே ஒரு சுற்றைத் திருப்பி முறுக்கினார். காரைச் சுற்றிவந்தார். தரையைப் பெருக்கினார். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார்.

டீயோடு வந்த மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"உக்காருங்க" என்றாள். "இன்னைக்குத் திங்கக்கிழமைதான்."