பட்ட மரமும் பக்கத்து வீடும்

பட்ட மரம் வெட்டப் போகிறவனுக்கு ஏணியும் கயிறும் மட்டும் போதாது, வாயைக் கட்டவும் தெரிய வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருசம் மழை ஏமாற்றியதில் சிவகாசிப் பக்கத்துக் காலனிகளில் மரங்கள் வரிசையாகப் பட்டன. நானும் என் மச்சினன் மாரியப்பனும் அதில்தான் பிழைத்தோம். குழாய் ரிப்பேர், வயரிங் என்று வீடு வீடாகப் போய் வருகிறவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

நிழல் யாருக்கு?

நர்ஸம்மா ஒருவர் வீட்டு வாசலில் நல்ல வேம்பு. அடுத்த வீட்டுக்காரர் அச்சாபீஸ் முதலாளி. புதுக் கார் வாங்கியதிலிருந்து அதன்மேல் இலை விழுகிறது, காக்கா எச்சம் விழுகிறது என்று தினமும் சண்டை. திடீரென்று மரம் கருகிவிட்டது. அடியில் தோண்டினால் வேர் வெந்து கிடக்கிறது, ஆசிட் வாடை மூக்கைத் துளைக்கிறது. நர்ஸம்மா குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தார். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மரத்தை இறக்கி முடிக்கும்போது உச்சி வெயில். அதுவரை திருப்தியாக வேடிக்கை பார்த்த முதலாளி, கார்க் கதவில் கை வைத்தார். சுட்ட கையை உதறிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த வெயில்ல இனிமே வண்டியை எங்கன நிறுத்த?"

திடீர்ச் சாமி

ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு தெருவில் பட்ட வாகை. அதன் கொப்பு ஒடிந்து, தண்ணீர் எடுக்கப் போன ஒரு அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. தெருவே கூடி எங்களைக் கூப்பிட்டது. மறுநாள் போனால் மரத்தில் மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சம்பழம். யாரோ கனவில் சாமி கண்டார்களாம், அதனால் ரம்பம் படக்கூடாதாம். தோளில் கட்டுப் போட்டிருந்த அம்மாவும் ஒற்றைக் கையால் கும்பிட்டு நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. "காஞ்சுக்கிட்டு இருந்தப்ப ஆராவது ஒரு குடம் தண்ணி ஊத்துனீகளா?" என்றேன். தெருப் பெரியவர் சாந்தமாகச் சொன்னார்: "அப்ப அது வெறும் மரம்தானப்பா."

ஷெட்டுக்கு மேலே

தாயில்பட்டியில் ஒருவர் வீட்டுப் பின்னால் காய்ந்த புளிய மரம். பெரிய கொப்பு ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மாடு கட்டுகிற ஷெட் என்றார். மாரியப்பன் ஏறிவிட்டான். கீழே நான் மிஷின் ரம்பத்தை இழுத்துக் கிளப்பப் போனேன். "மச்சான், மிஷினைத் தொடாதீக" என்றான் மேலிருந்து. உடைந்த ஷீட் வழியாகப் பார்த்திருக்கிறான். உள்ளே மூன்று பெண்கள் உட்கார்ந்து வெடிக்குத் திரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் மருந்து அடைத்த சரக்கு. ஒரு பொறி விழுந்தால் போதும்.

இறங்கி வந்தவன் முதல் வேலையாக மிஷினைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தான். அவனைப் பெற்றவள், என் மாமியார், இப்படி ஒரு ஷெட்டில்தான் போனாள். சரக்கை அப்புறப்படுத்தச் சொன்னேன். சீசன் ஆர்டர், நிறுத்த முடியாது என்றார் வீட்டுக்காரர். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்த வாரமே காற்றில் கொப்பு முறிந்து, கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. மூன்று பெண்களும் சாப்பிட வெளியே வந்திருந்த நேரம். ஏனோ தீப்பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் உடனே மறுபடி ஆள் அனுப்பினார். சரக்கை எடுக்க வைத்து, தரையெல்லாம் தண்ணீர் ஊற்றி, கைரம்பத்தால் அறுத்து இழுத்தோம். நடுவில் உட்காருகிற பெண் தன் இடத்தில் கிடந்த கொப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த தூக்குச்சட்டியில் சோறு அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் என் முதுகில் தட்டிச் சிரித்தார்: "பாத்தீகளா, ஒண்ணும் ஆகல. நீங்கதான் அம்புட்டுப் பயங்காட்டுனீக."

மரம் ஒரு தடவை பட்டால் போதும், மனுசனுக்கு எத்தனை தடவை பட்டாலும் போதாது.