பெட்ரோல் டேங்கின் மேல் என் இடம்

எங்கள் அடுக்ககத்தில் வண்டி நிறுத்துவதற்கென்று பன்னிரண்டு இடங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை நான்கு மாதமாக ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அதுவும் துண்டு துண்டாக. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அரைக்கால் சட்டையோடு இறங்கி வந்து அதைக் கழற்றுகிறார், அறுக்கிறார், படம் எடுக்கிறார். லிஃப்டுக்குப் போகும் வழியில் நேற்று முப்பத்தொரு சாமான்கள் கிடந்தன. முப்பத்திரண்டாவதாக நான் விழுந்திருப்பேன். இது என்ன என்று கேட்டதற்கு, "கஃபே ரேசர், அங்கிள். மந்தைவெளியிலயே இதான் ஃபர்ஸ்ட்டு!" என்றார்.

முதலாவதாம்! அறுபது வருடங்களுக்கு முன்பு, இந்த அடுக்ககத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, எங்கள் வாடகை வீட்டின் பக்கச் சந்தில் முதலாவது உருவாகிவிட்டது. எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் நஷ்டப்பட்டவன் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஐந்து பேர். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா, நான், இரண்டு வயதுத் தங்கை. ஐந்தாவது ஆள் அம்மாவின் தம்பி, என் மாமா. தொழிற்பள்ளியில் ஃபிட்டர் வேலை படித்துவிட்டு எங்களோடு தங்கியிருந்தார். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை அப்பா நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் சாந்தோம் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். அப்பா ஓட்டுவார். பின் சீட்டில் அம்மா ஒருக்களித்து உட்கார்ந்து தங்கையை மடியில் வைத்துக்கொள்வாள். முன்னால், பெட்ரோல் டேங்கின் மேல், நான். டேங்க் சுடும் என்பதற்காக அம்மா ஒரு துண்டை நாலாக மடித்துப் போடுவாள். அந்தத் துண்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை நடுவில் பிடித்துக்கொண்டால் வண்டியை நானே ஓட்டுவதாக இருக்கும். மாமாவுக்கு இந்த ஏற்பாட்டில் இடம் கிடையாது. அவர் நடந்து வருவார். அது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து லஸ் பக்கம் போனபோது, இடது கைப்பக்கத்திலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. நான் பார்த்தேன். "அப்பா, கைவண்டி" என்று சொல்லவும் செய்தேன். அப்பா, "எங்க?" என்று கேட்டார். அதற்குள் இடித்துவிட்டோம். அம்மாவுக்கும் தங்கைக்கும் ஒன்றுமில்லை. எனக்குத் தாடையில் மூன்று தையல். கைவண்டிக்காரர், "இன்னா சார், மலை மாதிரி வந்துக்கினு கீறேன், கண்ணு தெர்ல?" என்று கத்தினார். இடித்ததும் இல்லாமல் ஒரு வாத்தியாரைப் பார்த்து இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அப்பாவோ என் முகத்தைத் தன் முகத்துக்கு மிகவும் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றோடு வண்டி சந்துக்குப் போயிற்று. கோணிப்பையைப் போட்டு மூடி, ரிப்பேர் என்றார்கள். பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் கோயிலுக்கு நடந்தோம். இடிபட்டது முன் மட்கார்டு ஒன்றுதான். அதை நிமிர்த்தப் பதினெட்டு வாரமா?

பத்தொன்பதாவது வாரம் மாமா கோணியை எடுத்தார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் ஐந்து நிமிஷம் நீடித்திருக்கும். அவர் முதலில் கழற்றியது பின் சீட்டை. அடுத்தது கேரியர். அதற்கடுத்தது பின் மட்கார்டு. ரிப்பேர் பார்க்கிறவன் உடைந்த முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஏன் போகிறான்?

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த படத்தைச் சந்துச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். ஒல்லியான ஒரு வண்டி. ஹேண்டில்பார் தாழ்ந்து கிடக்க, ஓட்டுகிறவர் டேங்க் மேலேயே கவிழ்ந்து படுத்திருந்தார். சீட்டு ஒருவருக்குத்தான், அதன் பின்னால் ஒரு திமில். லண்டனில் வாலிபர்கள் இந்த மாதிரி வண்டியில் ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்குப் பறப்பார்கள் என்று மாமா அம்மாவுக்கு விளக்கினார்.

"டீ குடிக்கிறதுக்கா சீட்டை அறுக்கிற? முனையில நாயர் கடை இருக்கு. நடந்து போடா" என்றாள் அம்மா.

ஆனால் தடுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அப்பாவும் தடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சந்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மாமா அறுத்த இடத்தை விரலால் தடவி, "இங்க பிசிர் இருக்கு, அரத்தைப் போடு" என்பார். தன் வண்டியைக் கூறு போடுகிறவனுக்கே யோசனை வேறு சொல்கிறார்!

நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், கழற்றப்பட்டவற்றைத் தேதி போட்டு எழுதிவந்தேன். விசாரணை என்று ஒன்று வரும், அப்போது சாட்சி வேண்டும் என்பது என் எண்ணம். ஹேண்டில்பாரை மாமா தலைகீழாகத் திருப்பிப் பூட்டினார். கால் வைக்கும் கம்பிகளைப் பின்னால் தள்ளினார். சட்டத்தின் பின்பாகத்தை ரம்பத்தால் அறுக்க ஒன்பது பிளேடுகள் உடைந்தன. சீட்டுக்குப் பின்னால் வரும் திமிலை மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டிச் செய்தார். சட்டத்தை ஒட்டவைக்க வந்த வெல்டிங்காரர்கூட வாயில் பீடியோடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, குடும்பமே குந்திக்கினு போற வண்டி. இத்தப் போயி ஒண்டிக்கட்டை வண்டியா ஆக்கிக்கினு கீறியே" என்றார். எங்கள் வீட்டு விஷயத்தில் வெளியாளுக்கு இருந்த நியாயம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

மாமாவிடம் நேரடியாகவே கேட்டேன். "டேங்க் மேல நான் உக்காரலாமா, கூடாதா?"

"இதுல டேங்க் மேல என் வயிறுதான்டா உக்காரும். ஒனக்கு வேணும்னா சைலன்சர்ல எடம் போட்டுத் தரேன்" என்று சிரித்தார்.

நான் அப்பாவிடம் போகவில்லை. அப்பா ஏமாற்றப்படுகிறார் என்று முடிவு கட்டியிருந்தேன். ஏமாறுகிறவரிடம் போய்ச் சொல்லி என்ன பயன்? எனவே அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கி நான்கு மாதமே ஆகியிருந்தது. அது என் ஏழாவது பாவசங்கீர்த்தனம். மரத் தடுப்புக்குப் பின்னால் பங்குச் சாமியார் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, ஏழாம் கட்டளை. களவு."

"என்ன எடுத்த?"

"மோட்டார் சைக்கிள்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "நீயா?"

"எங்க மாமா, சாமி."

"ஒம் பாவத்தைச் சொல்லுப்பா. மாமா பாவத்தை மாமா வந்து சொல்லுவார்."

"சொல்ல மாட்டார், சாமி. இருபத்திரண்டு சாமான் கழட்டிட்டார். எழுதி வச்சிருக்கேன்."

"மாமா மேல கோவமா?"

"ஆமா, சாமி."

"அதான் ஒம் பாவம். மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லு."

திருடியது மாமா, மந்திரம் எனக்கு. மூன்று! சொன்னேன். ஆனால் மூன்றையும் மாமாவின் கணக்கில்தான் சொன்னேன். சாமியார் வீட்டுக்கு ஆள் அனுப்புவார் என்று நான்கு நாள் வாசலைப் பார்த்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் செத்தாலும் வெளியே சொல்லக்கூடாது என்பது எனக்கு நன்றாகச் சொல்லித்தரப்பட்டிருந்தது. என்னுடைய வழக்கு மட்டும் அவசர வழக்கு என்று நினைத்துவிட்டேன்.

வண்டி தயாரானது. கறுப்பு வர்ணம், டேங்கில் ஒரு வெள்ளைக் கோடு. எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள் புது வண்டி வாங்கினால் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நிறுத்திச் சாமியாரிடம் மந்திரித்துக்கொள்வது வழக்கம். மாமா அதைப் புது வண்டி என்றே கொண்டுபோனார். எனக்கு அதுவே இன்னொரு பொய்யாகப் பட்டது. முற்றத்தில் ஒரு பியட் கார், இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா, கடைசியில் மாமாவின் வண்டி. சுற்றிலும் அறுபது பேராவது நின்றிருப்பார்கள். மீன் கூடையைக் கோயில் மதிலோரம் வைத்துவிட்டுப் பூசைக்கு வந்திருந்த குப்பத்துப் பெண்கள் வண்டியைப் பார்த்து, "இன்னாடி இது, உரிச்ச கோழியாட்டம் கீது" என்று சிரித்தார்கள். சாமியார்கூடத் தீர்த்தச் செம்பும் கையுமாக நின்று, "ஏம்ப்பா, மத்தவங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார்.

இதைவிட நல்ல கேள்வியை யார் எனக்கு எடுத்துக் கொடுப்பார்கள்? நான் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தேன். நோட்டு கையில் இருந்தது.

"இது எங்கப்பா வண்டி, சாமி. மாமா திருடிட்டார். மந்திரிக்காதீங்க!"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமாவின் முகம் தொங்கிவிட்டது. அவர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்திருந்தால் எல்லாம் முடிந்துபோயிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பேசியது அப்பா. "நான்தான் அறுக்கச் சொன்னேன், சாமி" என்றார். பிறகு நான் நின்ற திசைக்குக் கொஞ்சம் வலப்புறமாகப் பார்த்து, "நான்தான்டா. ஒரு சீட்டு போதும்னு சொன்னேன்" என்றார்.

"ஏன்?"

"பார்க்க எவ்வளவு நல்லா இருக்கு!"

கூட்டம் சிரித்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். மாமா ஒரு உதை உதைத்துக் கிளப்பி, டேங்க் மேல் கவிழ்ந்து, கடற்கரைச் சாலையில் போய் மறைந்தார். நான் தோற்றேன்.

அப்பாவின் பார்வை இரண்டு பக்கத்திலிருந்தும் சுருங்கிக்கொண்டே வருகிறது, அதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கேட்டால் டேங்க் மேல் ஏற்றாமல் அப்பாவால் இருக்க முடியாது. இன்னொரு முறை ஓட்டிவிடுவோம் என்று அவருக்கே பயம். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அந்த வேலையில் மேலும் ஆறு வருடம் இருந்தார். இவ்வளவும் எனக்குச் சொல்லப்பட்டது நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது. வீட்டில் ஐந்து பேர். மூன்று பேருக்குத் தெரியும். தெரியாத இருவரில் ஒருத்திக்குப் பேச்சே சரியாக வரவில்லை. அவளும் நானும் ஒன்றா? சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவான் என்று பயந்தோம் என்று அம்மா பின்னால் சொன்னாள். நான் எதையும் ஊரைக் கூட்டிச் சொல்கிறவன் இல்லை. கோயில் முற்றத்தில் சொன்னது வேறு விஷயம்.

அன்று வீட்டுக்கு நடந்தோம். புறப்படும்போது அம்மா, "அப்பா கையைப் பிடிச்சுக்கோடா" என்றாள். ஒன்பது வயதுப் பையனைக் கைபிடித்து அழைத்துப்போகிறார்களாம், அதுவும் திருட்டுக்கு உடந்தையாக இருந்தவர்! எனக்கு வழி தெரியும் என்று சொல்லிவிட்டுப் பத்தடி முன்னால் நடந்தேன். கச்சேரி ரோடு முழுவதும் திரும்பவில்லை. பின்னால் அம்மா தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தாள். "கல்லு இருக்கு." "மாடு வருது, நில்லுங்க." "இப்ப ஒரு படி." தங்கைக்கு நடக்கச் சொல்லித்தருகிறாள் என்று நினைத்தேன். எங்கள் தெருமுனையில் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். தங்கை அம்மாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.